அன்றாட ஆங்கிலம்: சின்னச் சொல் மாறினால் பொருளே மாறும்





சில மாதங்களுக்கு முன் விடுமுறையில் ஊர் வந்திருந்த ஒரு தம்பி நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் ஒரு கிடங்கில் வேலை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண், அதற்குப் பிறகு டிப்ளமா. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். அது கம்பெனி கொடுத்த எச்சரிக்கைக் கடிதம்.

நடந்தது இதுதான். ஒரு வியாழக்கிழமை மாலை அவருடைய மேற்பார்வையாளர், உடன் வேலை பார்க்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, "கேன் யூ ஃபில் இன் ஃபார் ஹிம் ஆன் ஃப்ரைடே?" என்று கேட்டிருக்கிறார். தம்பியும் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு அறையில் படுத்துத் தூங்கியிருக்கிறார். சனிக்கிழமை வேலைக்குப் போனபோது ஒரு நாள் சம்பளப் பிடித்தமும் இந்தக் கடிதமும் காத்திருந்தன.

"ஃபில் இன்னு சொன்னதும் ஏதோ ஃபார்ம் நிரப்பணும்போலன்னு நினைச்சேன் மாமா. சனிக்கிழமை ஃபார்மைத் தருவார், நிரப்பிக் கொடுத்துடலாம்னு இருந்துட்டேன்" என்றார்.

'ஃபில் இன்' என்றால் படிவத்தை நிரப்புவது. தம்பி படித்தது சரிதான். ஆனால் 'ஃபில் இன் ஃபார் ஹிம்' என்றால் அவருக்குப் பதிலாக அவருடைய வேலையை நீ பார் என்று பொருள். 'ஃபார்' என்ற ஒரு சின்னச் சொல் கூடியதும் பொருள் வேறாகிவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிட்டது. அந்தப் பெயர்தான் சம்பளப் பிடித்தத்தை விட அவரை வருத்தியது.

அவரைச் சொல்வானேன்? பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திற்கு நாங்களே தொலைபேசியில் பேசியபோது, எதிர்முனையில் இருந்தவர் "ஹேங் ஆன்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்பது அதன் பொருள். எங்கள் காதில் அது 'ஹேங் அப்' என்று விழுந்தது. அதற்கு இணைப்பைத் துண்டிப்பது என்று பொருள். 'போனை வைக்கச் சொல்கிறார்' என்று எண்ணி வைத்துவிட்டோம். மூன்று முறை அழைத்தோம், மூன்று முறையும் இதே கதைதான். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் தேறியவர்கள்தாம் நாங்களும்!

ஆகவே இந்த இதழில் இந்தச் சின்னச் சொற்களைப் பற்றி ஒரு பாடம் எழுதுகிறோம். ஆங்கில எழுத்துக்களைப் படிக்கத் தயங்கும் தாய்மார்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இவற்றை ஆங்கில எழுத்தில் ஒரு நோட்டில் எழுதட்டும். அதுவே அவர்களுக்குப் பாதிப் பயிற்சி.

ஏன் நமக்கு இது வரவில்லை?

ஒரு வினைச்சொல்லுடன் அப், அவுட், ஆன், ஆஃப் போன்ற சின்னச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்பார்கள். இந்தப் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-ல் தம் நூலில் பயன்படுத்தியபின் அது பரவியது. ஆனால் தொல்லை மிகப் பழையது. 1755-ல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பெரும் சிரமம் தருவது இதுதான் என்று தம் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். எனவே நமக்கு மட்டும் வரவில்லை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

ஆங்கிலத்தில் ஒரே செயலுக்குப் பெரும்பாலும் இரண்டு சொற்கள் உண்டு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அந்த வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்த சொற்கள் ஏட்டுச் சொற்களாயின. வீட்டிலும் வயலிலும் பேசியவர்களுடைய பழைய சொற்கள் பேச்சுச் சொற்களாக நின்றுவிட்டன. தீயை அணைப்பதற்கு ஏட்டில் 'எக்ஸ்டிங்விஷ்', பேச்சில் 'புட் அவுட்'. தள்ளிப்போடுவதற்கு ஏட்டில் 'போஸ்ட்போன்', பேச்சில் 'புட் ஆஃப்'. ஒரு கோரிக்கையை மறுப்பதற்கு ஏட்டில் 'ரிஜெக்ட்', பேச்சில் 'டர்ன் டவுன்'.

நம் பள்ளிகள் நமக்கு ஏட்டுச் சொற்களையே அதிகம் கற்றுக்கொடுத்தன. ஆகவே நம் பிள்ளைக்கு 'எக்ஸ்டிங்விஷ்' தெரிகிறது. ஆனால் யாராவது "புட் இட் அவுட்!" என்று கத்தினால், 'வெளியே வை' என்று சொல்கிறார்களோ என நினைக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல

தமிழிலும் இது உண்டு. 'கண்டுபிடி' என்கிறோம். யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. 'கைவிட்டான்' என்றால் கையை எங்கும் விடவில்லை. 'விட்டுக்கொடு', 'தள்ளிப்போடு', 'பார்த்துக்கொள்' எல்லாம் இப்படித்தான். பிரித்துப் பொருள் பார்த்தால் குழப்பம், சேர்த்துப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது இன்னும் எளிது. அரபியில் 'ரஃகிப ஃபீ' என்றால் விரும்பினான். 'ரஃகிப அன்' என்றால் வெறுத்து விலகினான். வினை ஒன்றுதான், பின்னால் வரும் சின்னச் சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. 'தஹப' என்றால் போனான், 'தஹப பி' என்றால் கொண்டுபோனான். உஸ்தாது இதை ஓதிக் கொடுத்தபோது நாம் பயந்து ஓடவில்லையே! வினையையும் அதன் துணைச் சொல்லையும் ஒன்றாகவே மனனம் செய்தோம். ஆங்கிலத்திற்கும் அதே வழிதான்.

எட்டுச் சொற்கள்

கடைகளில் விற்கும் புத்தகங்களில் ஆயிரக்கணக்கான ஃப்ரேஸல் வெர்ப்கள் இருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற 10 கோடிச் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வினைச்சொற்களும் 8 சின்னச் சொற்களும் சேர்ந்தே, அதில் வரும் ஃப்ரேஸல் வெர்ப்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தந்துவிடுகின்றன என்று அதில் கண்டார்கள். அந்த 8 சொற்களின் போக்கைப் பார்ப்போம்.

அப்: மேலே என்பதோடு, முழுவதுமாக என்ற பொருளும் தரும். 'யூஸ் அப்' என்றால் மிச்சமில்லாமல் செலவழிப்பது.

அவுட்: வெளிப்படுவது அல்லது இல்லாமல் போவது. 'ஃபைண்ட் அவுட்' விசாரித்து அறிவது, 'ரன் அவுட்' தீர்ந்துபோவது.

ஆன்: தொடர்வது. 'கேரி ஆன்' என்றால் செய்துகொண்டிருப்பதைத் தொடர்வது.

ஆஃப்: விலகுவது, துண்டிப்பது. 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. யாரையும் அழைப்பதல்ல.

பேக்: திரும்ப. 'பே பேக்' கடனைத் திருப்பிக் கொடுப்பது.

டவுன்: குறைவது, நின்றுபோவது, தாளில் பதிவது. 'ஸ்லோ டவுன்', 'பிரேக் டவுன்', 'ரைட் டவுன்'.

இன்: உள்ளே. 'ஹேண்ட் இன்' படிவத்தையோ வீட்டுப்பாடத்தையோ ஒப்படைப்பது.

ஓவர்: கைமாறுவது, கடந்துவருவது. 'ஹேண்ட் ஓவர்' பொறுப்பை ஒப்படைப்பது, 'கெட் ஓவர்' நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டுவருவது.

இவற்றில் பல ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. 'பஸ் பிரேக்டவுன்', 'பிக்கப் பண்ண வர்றேன்', 'செக்கப்புக்குப் போகணும்' என்று நம் வீட்டுப் பெரியவர்களே பேசுகிறார்கள். ஆங்கிலமே தெரியாது என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் போக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது. 'ஆஃப்' என்றால் நிற்பது என்று எண்ணிக்கொண்டு, "த ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்" என்பதற்கு தீ எச்சரிக்கை மணி நின்றுவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள். மணி அடித்தது என்பதே அதன் பொருள். "லுக் அவுட்!" என்று யாராவது கத்தினால் வெளியே எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. ஆபத்து, கவனம் என்கிறார்கள். கட்டுமான இடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டையும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இடம் வாரியாகக் கற்போம்

வீட்டில்: 'வேக் அப்' என்றால் கண்விழிப்பது, 'கெட் அப்' என்றால் படுக்கையை விட்டு எழுவது. ஐந்து மணிக்கு 'வேக் அப்' ஆகி ஆறு மணிக்கு 'கெட் அப்' ஆகும் பிள்ளைகள் எந்த வீட்டில் இல்லை? 'டர்ன் ஆன்' போடுவது, 'டர்ன் ஆஃப்' அணைப்பது, 'டர்ன் அப்' சத்தத்தைக் கூட்டுவது, 'டர்ன் டவுன்' குறைப்பது. மேலே மறுப்பது என்று சொன்ன அதே 'டர்ன் டவுன்' இங்கே சத்தத்தைக் குறைப்பதாகிவிடுகிறது, இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். 'புட் ஆன்' உடுத்துவது, 'டேக் ஆஃப்' கழற்றுவது. 'புட் அவே' பொருளை அதற்குரிய இடத்தில் எடுத்து வைப்பது. "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்" என்றால் சர்க்கரை தீர்ந்துவிட்டது.

தொலைபேசியில்: 'ஹோல்ட் ஆன்', 'ஹேங் ஆன்' இரண்டும் பொறுங்கள். 'ஹேங் அப்' துண்டிப்பது. 'கால் பேக்' திரும்ப அழைப்பது. 'ஸ்பீக் அப்' சத்தமாகப் பேசுவது. "ஐ வில் புட் யூ த்ரூ" என்றால் உரியவரிடம் இணைப்பைக் கொடுக்கிறேன் என்று பொருள்.

வேலை இடத்தில்: 'டேக் ஆன்' ஆளை வேலைக்கு எடுப்பது. 'லே ஆஃப்' வேலை இல்லை என்று ஆட்களைக் குறைப்பது. 'டேக் ஓவர்' பொறுப்பை ஏற்பது. 'டர்ன் அப்', 'ஷோ அப்' இரண்டும் நேரில் வந்து சேர்வது. "ஹி டிட் நாட் டர்ன் அப்" என்றால் ஆள் வரவே இல்லை என்று பொருள். நம் தம்பியின் கடிதத்தில் இந்த வாசகந்தான் இருந்தது. மேலே சத்தத்தைக் கூட்டுவதாக வந்த 'டர்ன் அப்' இங்கே வந்து சேர்வதாகிவிட்டதைக் கவனியுங்கள். 'புட் ஆஃப்' என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுவது, 'கால் ஆஃப்' என்றால் முற்றாக ரத்து செய்வது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் போக வேண்டிய நாளில் போகாமல் இருந்துவிடுவோம்.

மருத்துவமனையில்: 'த்ரோ அப்' வாந்தி எடுப்பது. 'ஸ்வெல் அப்' வீங்குவது. 'பாஸ் அவுட்' மயங்கி விழுவது. 'லை டவுன்' படுத்துக்கொள்வது. 'பிரீத் இன்' மூச்சை இழுப்பது, 'பிரீத் அவுட்' விடுவது. 'கட் டவுன் ஆன் சால்ட்' உப்பைக் குறைப்பது, 'கிவ் அப் ஸ்மோக்கிங்' புகைப்பதை அறவே விடுவது. மருந்தின் வேகம் மெல்லக் குறைந்து போவதை 'வேர் ஆஃப்' என்பார்கள். வெளிநாட்டில் கணவரோடு இருக்கும் நம் சகோதரிகள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தனியாகவே மருத்துவரிடம் பேச வேண்டிவரும். 'வாமிட்', 'ஃபெயின்ட்' என்று சொன்னாலும் மருத்துவருக்குப் புரியும். ஆனால் மருத்துவர் "டிட் ஹி பாஸ் அவுட்?" என்று கேட்டால் நமக்குப் புரிய வேண்டுமே!

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நம் நாட்டில் கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ் அவுட்' என்கிறோம். வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்றால், கேட்பவர் 2019-ல் மயங்கி விழுந்ததாக எண்ணக்கூடும். "ஐ கிராஜுவேட்டட் இன் 2019" என்று சொல்லுங்கள். டிப்ளமாவாக இருந்தால் "ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமா" என்று சொல்லுங்கள். அதுபோல 'கோப் அப் வித்' என்பதும் தவறு, 'கோப் வித்' போதும். 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் அபௌட் வேண்டாம். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் பேக் வேண்டாம். தேவையான இடத்தில் சின்னச் சொல்லை விடுவதும், தேவையில்லாத இடத்தில் சேர்ப்பதும் இரண்டுமே நம்மிடம் உண்டு. "ஆஃப் த ஃபேன்" என்பது முதல் வகை. 'ஆஃப்' தனியாக வினைச்சொல் ஆகாது, "டர்ன் ஆஃப் த ஃபேன்" என்றே சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு இலக்கணம்

இலக்கணம் அதிகம் சொல்லி யாரையும் விரட்ட விரும்பவில்லை. இது ஒன்று போதும். "டர்ன் ஆஃப் த லைட்" என்றும் சொல்லலாம், "டர்ன் த லைட் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் வரும். "டர்ன் இட் ஆஃப்" சரி, "டர்ன் ஆஃப் இட்" தவறு. அதுபோலவே "ஃபில் இட் இன்", "புட் இட் ஆஃப்", "பிக் ஹிம் அப்".

சில வினைகள் பிரியவே பிரியா. "லுக் ஆஃப்டர் ஹிம்" என்றால் அவரைப் பார்த்துக்கொள், "லுக் ஹிம் ஆஃப்டர்" என்று வராது. எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் போட்டு மனனம் செய்வதை விட, ஒவ்வொன்றையும் கற்கும்போதே 'இட்' அல்லது 'ஹிம்' சேர்த்து வாயால் சொல்லிப் பழகுங்கள். நாக்குக்குப் பழகியது மறக்காது.

எப்படிப் படிப்பது?

ஒரு நாளைக்கு ஒன்று, வாரத்திற்கு ஐந்து போதும். மீதி இரண்டு நாட்கள் திரும்பப் பார்க்க. அகர வரிசையில் படிக்காதீர்கள். சமையலறையில் நடப்பதைச் சமையலறையில் படியுங்கள். சுவிட்சின் பக்கத்தில் 'டர்ன் இட் ஆஃப்' என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டுங்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்பதை மளிகைப் பட்டியல் எழுதும்போது சொல்லுங்கள். நோட்டில் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதாமல் உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வாக்கியமாக எழுதுங்கள். பிள்ளைகள் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், உம்மா திருப்பிக் கேட்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பிள்ளை ஒரு வாக்கியம் பேசி அனுப்பினால், அவர் தம் வேலை இடத்தில் அன்று கேட்ட ஒன்றைத் திருப்பி அனுப்பட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. புரியாமல் "யெஸ் சார்" சொல்லாதீர்கள். சிறு வயதிலிருந்தே பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிப் பழகிவிட்டோம், எதிர்க்கேள்வி மரியாதைக் குறைவு என்று வளர்ந்துவிட்டோம். ஆனால் வேலை இடத்தில் புரியாத ஒன்றுக்கு "சரி" என்பது செய்ய முடியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுப்பதாகும். இதற்கு இரண்டு வாக்கியங்களை மனனம் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று: "ஸாரி, ஐ டிடிண்ட் கெட் தட். குட் யூ ஸே இட் இன் அனதர் வே?" எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று பொருள்.

இரண்டு: புரிந்தது என்று நினைத்தாலும் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "ஸோ, யூ வாண்ட் மீ டு வொர்க் ஆன் ஃப்ரைடே?" என்று அந்தத் தம்பி கேட்டிருந்தால் கடிதமே வந்திருக்காது. இதைக் கேட்பதால் யாரும் நம்மைக் குறைவாக நினைப்பதில்லை. கவனமான ஆள் என்றே நினைப்பார்கள்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். விடைகள் கீழே உள்ளன, முதலில் பார்க்க வேண்டாம்.

1. அரிசி தீர்ந்துவிட்டது: வீ ஹேவ் ____ அவுட் ஆஃப் ரைஸ்.
2. கூட்டம் அடுத்த வாரத்திற்குத் தள்ளிப்போனது: த மீட்டிங் வாஸ் புட் ____ டில் நெக்ஸ்ட் வீக்.
3. உங்கள் உம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?: ஹூ இஸ் லுக்கிங் ____ யுவர் மதர்?
4. படிவத்தை நிரப்பி, திங்கட்கிழமைக்குள் ஒப்படையுங்கள்: ஃபில் ____ த ஃபார்ம் அண்ட் ஹேண்ட் இட் ____ பை மண்டே.
5. அவர் மயங்கி விழுந்தார்: ஹி ____ அவுட்.
6. விளக்கு எரிகிறது, அதை அணைத்துவிடு: த லைட் இஸ் ஆன். டர்ன் ____ ____.
7. இன்று எனக்குப் பதிலாக வேலை பார்க்க முடியுமா?: கேன் யூ ஃபில் ____ ____ மீ டுடே?

விடைகள்: 1. ரன். 2. ஆஃப். 3. ஆஃப்டர். 4. இன், இன். 5. பாஸ்ட். 6. இட் ஆஃப். 7. இன் ஃபார்.

ஏழாவதைச் சரியாக எழுதியவர்கள் இந்தப் பாடத்தைப் படித்த பலனை அடைந்துவிட்டீர்கள். தவறவிட்டவர்கள் கவலைப்படாமல் நாளை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கடிதம் அவருடைய கோப்பில் இன்னும் இருக்கத்தான் செய்யும். ஆனால் புறப்படுவதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம் தங்கைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் தாமே 'ஃபில் இன்', 'ஃபில் இன் ஃபார்' என்று இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். எழுதியதைத் திருத்திக்கொள்ள விரும்பும் பிள்ளைகளும் தாய்மார்களும் மஃரிபுக்குப் பிறகு நமது அலுவலகத்திற்கு நோட்டுடன் வரலாம். கட்டணம் எதுவும் இல்லை.

அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், வங்கியிலும் விமான நிலையத்திலும் தேவைப்படும் சொற்களைப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்